அதிதியா? அப்பனா?

விருந்தாளி என்பவன் யார்? அழைத்தால் வருபவன், அமரச் சொன்னால் அமர்பவன், உண்டு முடித்ததும் விடைபெற்று ஏகுபவன். அப்பன் என்பவன் யார்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் கைவைத்து இரவெல்லாம் விழித்திருப்பவன். பள்ளிக்கூடத்துப் பணத்திற்காகக் கால்கடுக்க அலைபவன். இருவரும் ஒருவரல்லர் என்பதை விளக்க வேதாந்தம் தேவையில்லை. விரல் சூப்பும் பிள்ளைக்கும் அது விளங்கும்.

ஆயினும், 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் வழங்கிய ஆணையில், பிரிந்து வாழும் கணவன் தன் பிள்ளையைக் காண மனைவியின் இல்லத்திற்கு வரும்போது, அவனை அதிதியாகக் கருதி உபசரித்தல் வேண்டும் என்று கூறப்பட்டது. விருந்தினனைத் தெய்வமாகக் கொள்க என்னும் வடமொழி வாசகம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. சிற்றுண்டி தரல் வேண்டும், இரவு உணவு படைத்தல் வேண்டும், பிள்ளையோடு அமர்ந்து உண்ணச் செய்தல் வேண்டும் என்றெல்லாம் விதிக்கப்பட்டது. அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்த உபசாரக் கட்டளையை நிலைக்க விடவில்லை, அவ்வாண்டிலேயே அகற்றிவிட்டது. அறிவு வென்றது, மகிழ்கிறோம்.

ஆனால் அத்தோடு கதை முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே! அந்த நீதிபதியின் நெஞ்சை உறுத்திய கவலை பொய்யன்று. பெற்றோர் இருவரும் பிள்ளையின் கண்ணெதிரே ஒருவரையொருவர் பகைவராய் நடத்துகின்றனரே, அது பிஞ்சு உள்ளத்தைப் புண்ணாக்குமே என்பதுதான் அவர் கவலை. நோயைச் சரியாகவே கண்டார். மருந்தைத்தான் புராணப் பெட்டியிலே தேடினார். ஏன் தேட நேர்ந்தது? பிரிந்த தந்தையும் பிள்ளையும், அல்லது பிரிந்த தாயும் பிள்ளையும், அச்சமின்றி, அவமானமின்றி, இரண்டு மணி நேரம் கூடியிருக்க ஓர் இடம் இந்த நாட்டிலே இல்லை! இடம் இருந்திருந்தால் இடத்தைக் காட்டியிருப்பார். இல்லாத காரணத்தால், பகைத்துப் பிரிந்த மனைவியின் சமையற்கட்டைக் காட்டினார். இந்த வெறுமையைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

இன்னொரு வழக்கு. தந்தை கரூரில், தாயும் இரண்டு வயதைக் கடந்த மகளும் மதுரையில். ஞாயிறுதோறும் மகளைத் தந்தை காணலாம் என்றது உயர் நீதிமன்றம்; காணும் இடம் கரூர் என்றது. போகவும் வரவும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்! மழலை மாறாத குழந்தை வாரந்தோறும் அத்தனை தொலைவு வண்டியிலே குலுங்கிச் சென்று குலுங்கித் திரும்ப வேண்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதனை மாற்றியது. குழந்தையின் நலத்தைப் பலியிட்டுத் தந்தையின் உரிமையை நிலைநாட்ட முடியாது என்று கூறி, மதுரையிலேயே காணட்டும் என்றது. நல்ல தீர்ப்பு, நாகரிகத் தீர்ப்பு. ஆனால் மதுரையில் எங்கே? பொதுப் பூங்காவிலோ, கோயில் வளாகத்திலோ! தாயும் உடன் இருக்கலாம். ஆனால் 10 அடி தள்ளி நிற்க வேண்டும்.

பூங்கா, அல்லது கோயில்! உச்ச நீதிமன்றமே விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடம் இந்த இரண்டுதான். இதற்காக நீதிமன்றத்தை நாம் குறை கூறோம். கட்டித் தராத மண்டபத்தை நீதிபதி எங்ஙனம் காட்டுவார்? குறை கூறப்பட வேண்டியவர், கட்டாத அரசினர், கேட்காத சமுதாயத்தினர்.

கோயில் வளாகம் பொது இடமா என்று கேட்கிறோம். 1947இல் சென்னை மாகாண அரசு ஆலய நுழைவுச் சட்டம் இயற்றும் வரையில், இந்த மண்ணின் மைந்தரில் ஒரு பெரும்பகுதியினரை வாயிற்படியிலேயே நிறுத்திவைத்த இடமல்லவா அது? இன்றும் அம்மதத்தார்க்குரிய இடம்தானே அது? இராயபுரத்திலே தூய பேதுரு தேவாலயம் இருக்கிறது, பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன, எந்த வாசலையும் மிதிக்காத பகுத்தறிவாளர் இல்லங்களும் இருக்கின்றன. இத்தனை வகையினர் கலந்து வாழும் ஊரில், பிள்ளையைக் காண விரும்பும் தந்தை ஒரு மதத்தின் மதிலுக்குள் சென்றுதான் காண வேண்டும் என்றால், அது நடுநிலை ஆகுமா?

பூங்காவோ எனில், மழை வந்தால் கூரையில்லை; வெயில் வந்தால் நிழல் போதாது; குழந்தை சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் ஓட வேண்டும்; தந்தையோ தாயோ சினந்து கைநீட்டினால் தடுக்க ஆளில்லை. 10 அடி தள்ளி நிற்கும் தாயின் கண்ணையும், எதிரே இருக்கும் தந்தையின் கண்ணையும் மாறிமாறிப் பார்த்து, எந்தக் கண்ணுக்கு அஞ்சுவது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளை விளையாடுமா?

சட்டத்தின் சொல்லைப் பாருங்கள். பிரிந்த பெற்றோர் பிள்ளையைக் காணும் உரிமைக்குப் ‘பார்வையிடும் உரிமை’ என்று பெயர். பார்வையிடுதல்! அதிகாரி கிடங்கைப் பார்வையிடுவார். மேற்பார்வையாளர் சிறையைப் பார்வையிடுவார். பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் ‘கஸ்டடி’. கைதிக்கும் கஸ்டடி; கைப்பற்றிய பொருளுக்கும் கஸ்டடி; கண்மணிக்கும் கஸ்டடி! சொல்லே சிந்தனையைக் காட்டிக்கொடுக்கிறது. பிள்ளை இங்கே மனிதனாக எண்ணப்படவில்லை. பங்கு பிரிக்கப்படும் பாத்திரமாக எண்ணப்படுகிறது.

பாத்திரமாக எண்ணினாலும் பரவாயில்லை. வடசென்னைத் துறைமுகத்திலே சரக்குக்குத் தரப்படும் மரியாதையாவது கிடைத்திருக்கும்! சென்னைத் துறைமுகத்தைப் பாருங்கள். எண்ணூரிலே உள்ள காமராசர் துறைமுகத்தைப் பாருங்கள். வரும் கப்பலுக்கு இன்ன தளத்தில் கரை பிடி என்று இடம் குறிக்கிறார்கள். இறங்கும் பெட்டிக்கு எண் உண்டு, முத்திரை உண்டு, இறக்கி வைக்க முற்றம் உண்டு, யார் தந்தார், யார் பெற்றார், எந்த மணியில் பெற்றார் என்ற குறிப்பு உண்டு. முத்திரை உடைந்திருந்தால் கேள்வி கேட்பார் உண்டு. இரும்புப் பெட்டிக்கு இத்தனை ஏற்பாடு! அந்தப் பெட்டியை இறக்கும் தொழிலாளியின் பிள்ளை, அம்மாவின் கையிலிருந்து அப்பாவின் கைக்கு மாறும் நேரத்திலோ, இடம் தெருமுனை. சாட்சி தேநீர்க் கடைக்காரர். முத்திரை உடைந்ததா என்று பார்ப்பார் எவருமில்லை. உடைவது உள்ளமாயிற்றே, கண்ணுக்குத் தெரியுமா?

சென்னையிலே ஏற்பாடே இல்லை என்று நாம் கூறவில்லை. குடும்பநல நீதிமன்ற வளாகத்திலே உள்ள குழந்தைகள் மையம், பல ஆணைகளில் சந்திக்கும் இடமாகக் குறிக்கப்படுகிறது. இருப்பதை இல்லையென்று கூறுதல் பகுத்தறிவாளர் பண்பன்று. ஆனால் அது நீதிமன்ற வளாகம்! சோதனை வாயில், காக்கிச் சட்டை, கருப்பு அங்கி, கட்டுக்கட்டாகக் காகிதம். சென்ற வாரம் அம்மா அழுதுகொண்டு வெளிவந்த அதே படிக்கட்டு, அப்பா உரக்கக் கத்திய அதே தாழ்வாரம். அதன் வழியே நடந்து சென்றுதான் பிள்ளை அப்பாவைப் பார்க்க வேண்டும். ‘நான் என்ன தவறு செய்தேன், என்னையும் கோர்ட்டுக்கு அழைத்து வருகிறீர்கள்?’ என்று அது கேட்குமேயானால், என்ன விடை வைத்திருக்கிறோம்?

வாழ்க்கையின் மணியும் நீதிமன்றத்தின் மணியும் ஒன்றல்ல. ஆணைத் தாளில் ‘சனிக்கிழமை காலை பத்து மணி’ என்று எழுதுவது எளிது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைச் சங்கொலிக்கு ஏற்ப முறைவேலை பார்ப்பவனுக்கு, இந்த வாரம் பகல். அடுத்த வாரம் இரவு. காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஏறி ஆழ்கடல் செல்பவன் நாள்கணக்கிலே கரை காணான். அவன் கரையில் நிற்பது பெரும்பாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடி தடைக்காலமான 61 நாளில். சனிக்கிழமைக்கு அவன் வரவில்லையென்றால், ‘பிள்ளை மேல் பாசமில்லாதவன்’ என்று எதிர்வாதம் எழும். அவளோ ஏற்றுமதி ஆடைத் தொழிற்கூடத்திலே தையல் பணி செய்பவள். சனிக்கிழமை விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. மாதத்தில் நான்கு சனிக்கிழமை. நான்கு நாள் கூலி! சட்டம் தந்த உரிமைக்கு ஏழை கொடுக்கும் விலை இது.

வீட்டிலேயே காணலாமே என்பார் சிலர். எந்த வீட்டிலே? எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பிலே ஓர் ஏணிப்படிக்கு எத்தனை குடும்பம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். தண்டையார்ப்பேட்டையின் ஒண்டுக் குடித்தனத்திலே பிள்ளை, தாய், பாட்டி, தாய்மாமன் அனைவரும் முடங்குவது ஓர் அறை. அங்கே பிரிந்துபோன கணவன் வந்து அமர்ந்தால், அமரும் இடம் நேற்று அவன் அவளை அடித்த இடமாக இருக்கும். வாசலிலே அக்கம்பக்கம் கூடி நிற்கும். அரைமணியில் பழைய கணக்கு பேசப்படும். ஒரு மணியில் பாத்திரம் பறக்கும்.

கடற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும் என்பீர்களா? அதையும் கேளுங்கள். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்தின. அதனால் தெற்கே மெரினா பரந்து விரிந்தது; வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெற்கே உள்ள பிள்ளைக்கு மணல்வெளி. வடக்கே உள்ள பிள்ளைக்குக் கொட்டிவைத்த கருங்கற் குவியல்! அந்தக் கல்லுக்கும், கொள்கலன் லாரிகள் அணிவகுத்து நிற்கும் எண்ணூர் சாலைக்கும் நடுவிலே, ஒரு தந்தை தன் பிள்ளையோடு பந்து விளையாட எங்கே போவான்? 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும், பின்னர் அம்மோனியா நச்சுக் காற்றும் எண்ணூர் மக்களைத் தாக்கின. மூச்சுவிட இடம் கேட்டுப் போராடும் மக்களிடம், ‘நல்ல பொது இடமாகப் பார்த்துச் சந்தித்துக்கொள்’ என்று ஆணை கூறுகிறது! பணமுள்ளோர் குளிரூட்டிய வணிக வளாகத்திலே சந்திக்கின்றனர். அங்கும் மூன்று மணி நேரம் அமர வேண்டுமாயின், ஏதேனும் வாங்கித் தின்றுகொண்டே இருக்க வேண்டும். கூலித் தொழிலாளியின் பாசத்திற்கு அங்கே இருக்கை கிடையாது.

இவை வசதிக் குறைகள். உயிர்க் குறை ஒன்று உண்டு, அதுதான் கொடிது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றவியல் நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். ‘இவளை நெருங்காதே, இவள் வேலை செய்யும் இடத்திற்குப் போகாதே, இவளோடு பேசாதே’ என்று கணவனைத் தடுக்கலாம். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, பிள்ளையைக் காண ஏற்பாடு செய்யவும், கண்டால் பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று தோன்றினால் மறுக்கவும் நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஏட்டிலே எவ்வளவு அழகு! நடைமுறையிலே? ஓர் ஆணை ‘அவளை நெருங்காதே’ என்கிறது. மற்றோர் ஆணை ‘அவளிடமிருந்து பிள்ளையைப் பெற்றுக்கொள்’ என்கிறது. நெருங்காமல் எப்படிப் பெறுவது? காற்றிலா பறந்து வரும் குழந்தை? இரண்டு ஆணைகளுக்கும் இடையில் நிற்கும் அந்தத் தெருமுனைதான், அடிபட்ட பெண்ணுக்கு மீண்டும் அடி விழும் இடம். மிரட்டல் தொடரும் இடம். ‘எங்கே குடியிருக்கிறாய் என்று கண்டுகொண்டேன்’ என்று பல்லைக் கடிக்கும் இடம். பிள்ளையைப் பார்க்க வருகிறேன் என்ற பெயரால் பெண்ணை வேவு பார்க்க வழி செய்வது நீதியா? வேவு பார்ப்பான் என்று அஞ்சி, வேவு பார்க்காத நல்ல தந்தையையும் தடுத்து வைப்பது நீதியா? இரண்டும் நீதியல்ல. இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரே கத்தி, மூன்றாவது இடம். தாயின் வீடுமல்ல, தந்தையின் வீடுமல்ல, நீதிமன்றமுமல்ல, பிள்ளையின் இடம்!

இது மேல்நாட்டுக் குப்பை, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று பழமை விரும்பிகள் உடனே பதறுவர். அவர்தம் பண்பாட்டைச் சிறிது பார்ப்போம். பெற்றோர் பிரிந்தால், ‘இந்தப் பிள்ளை பிறந்த வேளை சரியில்லை’ என்று சாதகக் கட்டைப் பிரிக்கும் பண்பாடு! குடிப்பவன் அப்பன், அடிப்பவன் அப்பன், வரதட்சிணை கேட்பவர் பாட்டனார். பழி மட்டும் தொட்டிலில் கிடப்பதன் தலையில்! கோளும் நாளும் குடும்பத்தைக் கெடுத்தன என்று கூறும் சோதிடனுக்குத் தட்சிணை உண்டு. குழந்தை இரண்டு மணி நேரம் நிம்மதியாக விளையாட ஓர் அறை கேட்டால் காசு இல்லை! கல்லானாலும் கணவன் என்று பெண்ணுக்குப் போதித்தவர்கள், அந்தக் கல் தலையில் விழுந்தபோது எங்கே சென்றனர்?

குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தது. திருமண அமைப்பைக் காத்தலும் குழந்தைகளின் நலத்தைப் பேணலும் அதன் நோக்கங்கள். முதல் நோக்கத்திற்குச் சமரசம், ஆலோசனை, அறிவுரை என்று ஆயிரம் ஏற்பாடு. இரண்டாவது நோக்கத்திற்கு? சட்டம் கையைக் கட்டிவிடவில்லை என்பதை மறவாதீர்கள். சமூகநல அமைப்புகளை இந்த நீதிமன்றங்களோடு இணைத்துக்கொள்ள 5ஆம் பிரிவு மாநில அரசுக்கு வழி தருகிறது. வழி இருக்கிறது, நடக்கத்தான் கால் எழவில்லை! பிள்ளையின் நலமே தலையாயது என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் 13ஆம் பிரிவிலே கூறிற்று. அதே சட்டம் 6ஆம் பிரிவிலே, தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின்னரே தாய் என்றும் கூறிற்று. ‘பின்னர்’ என்றால் இறந்த பின்னர் என்றுதான் பொருளா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று, தந்தை இல்லாத வேளை, கவனிக்காத வேளை எல்லாம் அதில் அடங்கும் என்று 1999இல்தான் பொருள் காணப்பட்டது. பெற்றவள் இரண்டாமவள் என்ற அந்த ஏற்பாட்டைத் திருத்துமாறு சட்ட ஆணையம் 2015 மே திங்களில் தந்த 257ஆவது அறிக்கையிலே பரிந்துரைத்தது; கூட்டுக் காவலுக்கும் சந்திப்புக்கும் நெறிகளும் வகுத்துத் தந்தது. பெற்றோர் பிரிந்தாலும் இருவர் அன்பையும் பெறப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. உரிமை யாருடையது என்பதைக் கவனியுங்கள்: அப்பனுடையதல்ல, அம்மாவினுடையதல்ல, பிள்ளையுடையது! பெற்றோரைப் பிரிந்த பிள்ளை அவர்களோடு தொடர்பு வைத்திருக்கலாம், தீங்கு நேருமெனில் தவிர்க்கலாம் என்று கூறும் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992இல். ஏட்டிலே எழுத்து, நாட்டிலே இடமில்லை!

மேல்நாட்டுக் குப்பை என்றார்களே, அந்தக் குப்பையிலே என்ன இருக்கிறது என்று கிளறிப் பார்ப்போம். பிரிட்டனில் இத்தகைய சந்திப்பு மையங்களின் தேசியச் சங்கம் 1991இல் தோன்றிற்று. பல மையங்கள் பெரிய மாளிகைகளில் நடப்பவையல்ல. சனிக்கிழமைகளில் சும்மா கிடக்கும் மாதா கோயில் கூடங்களிலே, தொண்டர்கள் தேநீர் கலந்து, பொம்மை பரப்பி நடத்துபவை. அமெரிக்காவிலே, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் சட்டத்தை 2000இல் புதுப்பித்தபோது, மேற்பார்வையோடு கூடிய சந்திப்புக்கும் பாதுகாப்பான கைமாற்றத்திற்கும் நிதியுதவி வகுத்தனர். ஆஸ்திரேலியாவிலே நடுவணரசு பணம் தந்து இம்மையங்களை நடத்தச் செய்கிறது. அங்கெல்லாம் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. காத்திருப்போர் வரிசை அங்கும் நீளம். ஆனால் வரிசையில் நிற்க ஒரு வாசலாவது இருக்கிறது! இரயிலையும் மின்விளக்கையும் மேல்நாட்டிலிருந்து ஏற்றவர்கள், குழந்தையின் கண்ணீர் துடைக்கும் கைக்குட்டையை மட்டும் ஏற்க மறுப்பது ஏன்?

இம்மையங்கள் வந்தால் மணவிலக்கு பெருகும் என்பது அடுத்த வாதம். மருத்துவமனை கட்டினால் நோய் பெருகும் என்பது போன்ற வாதம்! இராயபுரத்திலே ஸ்டான்லி மருத்துவமனை இருப்பதால் எவரும் காலை ஒடித்துக்கொண்டதாக நாம் கேள்விப்படவில்லை. உறவினர் வீடு இருக்கிறதே என்பது மற்றொரு வாதம். உறவினர் நடுவரல்லர், வழக்கிலே பாதிப் பேர்! பாட்டி மடியிலே அமர்த்தி, ‘உன் அப்பன் எப்படிப்பட்டவன் தெரியுமா?’ என்று ஊட்டும் நஞ்சு, பாலிலே கலந்த நஞ்சு.

நம் இயக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். தொடர்பு வேரிலே இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மண முறிவு உரிமையும் வேண்டும் என்று முழங்கிற்று. திருமணம் தெய்வம் போட்ட முடிச்சன்று. இரு மனிதர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று பெரியார் ஊர்தோறும் உரைத்தார். 1967இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட வடிவு தந்தது. 1989இல் தமிழ்நாடு மகளுக்கும் மகனுக்கும் சொத்திலே சம பங்கு என்று சட்டம் செய்தது. ஒப்பந்தம் என்றால், முறியும்போது செய்ய வேண்டிய முறைகளும் அதில் அடங்கும். சொத்துக்கு முறை வகுத்தாயிற்று. சீவனாம்சத்துக்கு முறை வகுத்தாயிற்று. பிள்ளைக்கு வகுக்க வேண்டிய முறை எஞ்சி நிற்கிறது. புனிதம் என்று பூச்சூட்டி வணங்குகிறவர்கள், முறிவைப் பாவமென்று கருதி முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். முறிவையும் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியாக ஏற்ற நாம் அல்லவா, முறிவுக்குப் பின்னரும் பிள்ளையின் வாழ்வு முறியாதிருக்க வழி காண வேண்டும்!

ஆகவே கேட்கிறோம். இராயபுரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, எண்ணூரில் ஒன்று என மூன்று சந்திப்பு இல்லங்கள் முதற்கண் வேண்டும். மாளிகை வேண்டாம். மாநகராட்சிச் சமுதாயக் கூடத்தில் இரண்டு அறை போதும். ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் பள்ளியில் ஒரு வகுப்பறை போதும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023இல் ஆயிரம் கோடி ரூபாய்க் கணக்கோடு அறிவிக்கப்பட்டது. படிப்பதற்கும் பணியாற்றுவதற்கும் 2024 முதல் ‘முதல்வர் படைப்பகம்’ திறந்துவைத்தது தமிழக அரசு. நல்ல பணிகள். அத்தகைய கட்டடமொன்றின் ஒரு மூலையைப் பிரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு ஒதுக்கினால் கருவூலம் காலியாகிவிடாது.

எப்படி இருக்க வேண்டும் அந்த இல்லம்? இரண்டு வாசல் வேண்டும். தாய் ஒன்றின் வழியே, தந்தை மற்றதன் வழியே. இருவரும் வரும் நேரத்திலும் கால்மணி இடைவெளி வேண்டும். வழியிலே ஒருவரையொருவர் காணல் கூடாது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் இருக்க வேண்டும். காக்கிச் சட்டை கூடாது, கருப்பு அங்கி கூடாது, உறவினர் கும்பல் கூடாது. கட்டணம் கூடாது. மாலையிலும் ஞாயிறிலும் திறந்திருக்க வேண்டும். முறைவேலைக்காரனும் கடலோடியும் நாளை மாற்றிக்கொள்ள இடம் தர வேண்டும். பொம்மையும் புத்தகமும், பாலும் படுக்கையும், தூய கழிவறையும் வேண்டும். ‘அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா’ என்ற கேள்வி அந்தக் கூரையின் கீழே தடை செய்யப்பட வேண்டும். நடந்ததை மட்டும் குறிக்க வேண்டும். தீர்ப்பு எழுதுதல் பணியாளரின் வேலையன்று. பிள்ளை நடுங்கினால், அழுதால், வரமாட்டேன் என்றால், அன்றைய சந்திப்பு நிறுத்தப்பட வேண்டும். தீங்கிழைத்தவன் என்று தெளிவானவனுக்கு இந்த இல்லத்தின் வாசலும் திறக்கக் கூடாது. வன்முறையாளனுக்கு வெள்ளையடிக்கும் இடமாக இது ஆகிவிடக் கூடாது. பகை தணிந்து, இந்த இல்லமே தேவையில்லை என்ற நிலைக்குக் குடும்பத்தைக் கொண்டுசெல்வதே இதன் வெற்றி.

அரசு செய்யட்டும் என்று கூறிவிட்டுக் கை கழுவ நாம் விரும்பவில்லை. இளைஞர்களே! 1949 செப்டம்பரில் கொட்டும் மழையிலே மக்கள் திரண்டு நின்று ஓர் இயக்கத்தின் பிறப்பைக் கண்ட ராபின்சன் பூங்கா, இன்றைய அறிஞர் அண்ணா பூங்கா, இராயபுரத்தில்தான் இருக்கிறது. அன்று அந்தப் பகுதியின் தெருக்களிலே படிப்பகம் திறந்தவர்களிடம் பணமில்லை. கீற்றுக் கொட்டகையும், இரண்டு விசிப்பலகையும், நான்கு நாளேடும் இருந்தன. அறிவு பரவிற்று. உங்கள் மன்றத்தின் அறை ஞாயிறு மாலை சும்மா கிடக்கிறதா? வட்டாரச் சட்டப் பணிகள் குழுவையும், குழந்தைகள் நலக் குழுவையும், மாமன்ற உறுப்பினரையும் சந்தித்து, முறையான பயிற்சியும் முறையான மேற்பார்வையும் கேளுங்கள், கையெழுத்துத் திரட்டுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் சென்று நில்லுங்கள். மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது. கைவிடப்பட்ட குழந்தைக்கு ஒரு பாய் விரிப்பது அதனினும் பெரிது.

பிரிந்த கணவன் மனைவியர் மீண்டும் சேர வேண்டுமா, வேண்டாமா என்பது அவரவர் அறிவுக்கும் உரிமைக்கும் உட்பட்டது. அதில் தலையிட நமக்கோ, சாத்திரத்திற்கோ, சாமிக்கோ உரிமையில்லை. ஆனால் அவர்கள் பெற்ற பிள்ளை எவரிடமும் விவாகரத்துக் கேட்கவில்லை. அதற்கு அப்பன் வேண்டும், அதிதி வேண்டாம். அம்மா வேண்டும், 10 அடிக்கு அப்பால் நிற்கும் காவலாளி வேண்டாம். அமர்ந்து விளையாட ஓர் அறை வேண்டும். அதனை அமைத்துத் தரும் வரையில், குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று கூறித் திரிவோர் வாய் மூடியிருக்கட்டும்!